தாய்வீட்டு ஊரிலேயே மனு போடலாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

அடி தாங்காமல் உசிலம்பட்டியிலோ மேலூரிலோ உள்ள தாய்வீட்டுக்கு வந்துவிட்ட பெண்ணை, ‘புருஷன் ஊரில் போய்ப் புகார் கொடு’ என்று திருப்பி அனுப்புவது தவறு. குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2005, 27-ஆம் பிரிவுப்படி, தற்காலிகமாகத் தங்கியுள்ள ஊரின் நீதித்துறை நடுவரிடமே மனு செய்யலாம். வருமானம் எவ்வளவானாலும் பெண்களுக்குச் சட்ட உதவி இலவசம், அதற்கான தொலைபேசி எண் 15100.

பலர் கோட்டைவிடுவது 23-ஆம் பிரிவின் இடைக்கால உத்தரவை. வழக்கை 60 நாளில் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம், நடப்பில் இழுக்கிறது. அதுவரை பிள்ளைகளின் சோற்றுக்கு என்ன வழி? ஜீவனாம்சம், குடியிருப்பு உரிமை, தொந்தரவுக்குத் தடை மூன்றையும் பிரமாணப் பத்திரத்தோடு முதல் நாளே கேளுங்கள். வீடு மாமனார் பெயரில் இருந்தாலும் குடியிருப்பு உரிமை கேட்கலாம். உச்ச நீதிமன்றம் 2020-இல் சொல்லிவிட்டது.

காயத்தோடு மருத்துவமனை போனால் ‘கீழே விழுந்தேன்’ என்று சொல்லாதீர்கள். விபத்துப் பதிவேட்டில் அதுவே ஏறும். எதிர்த்தரப்பு அதைத்தான் காட்டும்.

— ஒரு வழக்கறிஞர், மதுரை