அடைமழைக்கு டிரையர்தான் வழியா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஐப்பசி, கார்த்திகை மழையில் துணி காயாததால் கடலூரில் பலர் டிரையர் வாங்க யோசிக்கிறார்கள். ஹீட்டர் வைத்த டிரையர் ஒரு தடவைக்கு 2 முதல் 4 யூனிட் வரை மின்சாரம் இழுக்கும். 75 வாட் மின்விசிறி பத்து மணி நேரம் ஓடினாலும் முக்கால் யூனிட்தான்.

துவைத்து முடித்ததும் வாஷிங் மெஷினில் ஸ்பின்னை மட்டும் இன்னொரு முறை ஓட்டுங்கள். பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும். ஜீன்ஸை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, துணிகளுக்கு நடுவே நான்கு விரல் இடம் விட்டு, விசிறிக் காற்றில் உலர்த்துங்கள். ஜன்னலை முழுக்க அடைத்தால் ஈரம் அறைக்குள்ளேயே தங்கி, துணியில் முடை நாற்றமும் சுவரில் பூஞ்சையும் வரும்.

டிரையர் தேவைப்படும் வீடுகளில் பஞ்சு வடிகட்டியை ஒவ்வொரு முறையும் சுத்தம் செய்வது கட்டாயம். அடைத்துக்கொண்டால் தீப்பிடிக்கக்கூடும். எண்ணெய்க் கறை படிந்த சமையலறைத் துணியை அதில் போடவே கூடாது.

– ஒரு வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்