இரண்டு படகு, இரண்டு தராசு: ஒப்பீட்டறிக்கை மீது புகார்

அனுப்புநர்:
படகு வாங்கவிருந்த இருவர்,
குளச்சல், கன்னியாகுமரி மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர்,
பழைய படகு ஆய்வு மற்றும் விற்பனைப் பிரிவு,
கொச்சி.

நாள்: 12.03.2025

பொருள்: இரண்டு பழைய பாய்ப்படகுகளின் ஒப்பீட்டறிக்கையில் உள்ள பிழைகள், கட்டணம் ரூ. 38,000, முன்பணம் ரூ. 50,000 திருப்பித் தரக் கோருதல் தொடர்பாக.

ஐயா,

32 அடி நீளமுள்ள வெள்ளைப் படகு, நீலப் படகு இரண்டையும் ஒப்பிட்டு, “நீலமே வாங்கத் தக்கது” என்று அறிக்கை தந்திருக்கிறீர்கள். எந்தப் படகு ஜெயித்தது என்பதில் எங்களுக்கு வருத்தமில்லை. இரண்டையும் ஒரே மாதிரி சோதிக்காமலே ஒன்று மேல் என்று எழுதியதுதான் புகார்.

முதலில் 6ஆம் பக்கக் கணக்கு. படகு கவிழும் வாய்ப்பைக் காட்டும் எண் வெள்ளைக்கு 2.42, நீலத்துக்கு 2.15 என்று போட்டு, அதையே முதன்மைக் காரணமாகச் சொல்கிறீர்கள். 1979 ஃபாஸ்ட்நெட் பந்தயத்தில் படகுகள் கவிழ்ந்த பிறகு அமெரிக்காவில் வகுத்த கணக்கு இது. படகின் எடையைப் பவுண்டில் எடுத்து 64ஆல் வகுத்து, அதன் கனமூலம் காண வேண்டும். அடிக்கணக்கில் உள்ள அகலத்தை அந்தக் கனமூலத்தால் வகுத்தால் வருவதுதான் எண். 2க்குக் கீழே இருந்தால் ஆழ்கடலுக்குப் போகலாம். நீலம் 7,500 பவுண்டு, அகலம் 10.5 அடி, 2.15 சரிதான். வெள்ளையின் எடை 4,536 கிலோ, அகலம் 10 அடி. அந்த 4,536ஐ அப்படியே பவுண்டு என்று போட்டுவிட்டீர்கள். கிலோவைப் பவுண்டாக்கினால் 10,000; 64ஆல் வகுக்க 156.25, கனமூலம் 5.39, விடை 1.86. எல்லையைத் தாண்டி நிற்பது நீலம். படகைக் கவிழாமல் நிமிர்த்த அடியில் தொங்கும் கனமான கீலின் எடை எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பதை இந்த எண் பார்க்காது, அதனால் இதை மட்டும் நம்பி யாரும் படகு வாங்க மாட்டார்கள். நம்பச் சொன்னது உங்கள் அறிக்கை. 2017இல் ஓகிப் புயலைப் பார்த்த கரையில் இருப்பவர்களிடம் இந்த எண்ணைத் தப்பாகப் போடலாமா?

அடுத்தது அடிப்பாகத்தின் ஈரம். வெள்ளைப் படகைத் தண்ணீரிலிருந்து தூக்கி, பிரஷர் வாட்டர் அடித்துக் கழுவி, 40 நிமிடத்தில் ஈரமானியை வைத்திருக்கிறார்கள். புகைப்படங்களில் நேரம் பதிந்திருக்கிறது. நீலப் படகோ நான்கு மாதமாகக் கரையில் காய்ந்துகொண்டிருந்தது. கழுவிய ஈரமும் உப்பும் செம்பு கலந்த அடிப்பெயிண்டும் மானியை ஏற்றிக் காட்டும். பெயிண்டைச் சில இடங்களில் சுரண்டி, நல்ல தண்ணீரில் கழுவி, நன்றாகக் காயவிட்டு, நாள் விட்டு நாள் அளந்தால்தான் ஈரம் ஃபைபருக்குள் இருக்கிறதா, மேலேயா என்று தெரியும். இதைச் செய்யாமல் வெள்ளைக்கு “ஆஸ்மோசிஸ் தொடங்கிவிட்டது”, அதாவது ஃபைபருக்குள் தண்ணீர் ஊறிக் கொப்புளம் கட்டும் கோளாறு வந்துவிட்டது, என்று எழுதிவிட்டீர்கள்.

நீலத்தில், சுக்கானுக்குப் பக்கத்தில், ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஐந்தாறு கொப்புளங்கள் 11ஆம் படத்தில் தெளிவாகத் தெரிகின்றன. “பெயிண்ட் குமிழ்” என்று ஒரே வரியில் தள்ளிவிட்டீர்கள். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு ஒன்றைக் குத்திப் பார்த்திருக்கலாம். பிசுபிசுவென்று, காடி போலப் புளித்த நெடியோடு தண்ணீர் பீய்ச்சினால் அது ஃபைபரின் வெளிப்பூச்சான ஜெல்கோட்டுக்கு உள்ளே உள்ள கோளாறு. வெறும் உப்புத் தண்ணீரோ காற்றோ வந்தால் பெயிண்டோடு போயிற்று. முட்டத்தில் வள்ளத்துக்கு ஃபைபர் மேட் ஒட்டும் பையனிடம் கேட்டாலே சொல்லுவான்.

14ஆம் படத்தில் நீலத்தின் இடப்பக்கச் செயின்பிளேட்டுக்கு (பாய்மரக் கம்பியைப் படகோடு பிணைக்கும் தகடு) கீழே பழுப்புக் கோடு ஒன்று இறங்கியிருக்கிறது. “துடைத்தால் போகும்” என்கிறது அறிக்கை. துடைத்தால் கறை போகும், காரணம் போகாது. டெக்கைத் துளைத்து இறங்கும் இடத்தில் சீலன்ட் விட்டுப்போய்த் தண்ணீர் தேங்கினால், காற்றுப் படாத அந்த இடுக்கில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் அரிக்கும். மேலே பளபளப்பாக இருக்கும், உள்ளே பாதி தின்றுபோயிருக்கும். பாய்மரத்தைப் பக்கவாட்டில் பிடித்து நிறுத்துவதே அந்தத் தகடு. ஒன்றையாவது கழற்றிப் பார்க்க வேண்டும். சுற்றியுள்ள டெக்கைச் சுத்தியலின் பிடியால் தட்ட வேண்டும். டெக்குக்கு உள்ளே இருக்கும் பால்சா கட்டை ஊறியிருந்தால் ‘டக்’ என்ற சத்தம் மங்கி ‘தொப்’ என்று கேட்கும். இரண்டும் நடக்கவில்லை. பாய்மரக் கம்பிகளைக் கீழே நின்று தொலைநோக்கியில் பார்த்ததாகவே எழுதியிருக்கிறீர்கள். கம்பி இணைப்புக்குள் நுழையும் இடத்தில் ஒரு இழை அறுந்திருந்தாலும் அந்தக் கம்பியை மாற்றியே ஆக வேண்டும். அது கீழிருந்து தெரியாது. மேலே ஏறிப் பஞ்சால் துடைத்தால் அறுந்த இழையில் பஞ்சு சிக்கும்.

எஞ்சின் விஷயம் சுருக்கமாக. நீலத்தில் கை வைத்தபோதே எஞ்சின் சூடாக இருந்ததாக உங்கள் ஆய்வாளரே குறிப்பெழுதியிருக்கிறார். சூடான எஞ்சின் ஒரே அடியில் ஸ்டார்ட் ஆவதில் என்ன அதிசயம்? நீலத்தில் இருப்பது செயில்டிரைவ், அதாவது படகின் அடியைத் துளைத்து நேராகக் கீழே இறங்கும் உந்துகால். அந்தத் துளையில் தண்ணீர் புகாமல் தடுக்கும் ரப்பர் டயாஃபிரம் மாற்றிய தேதி எங்கும் இல்லை.

கடைசியாக, தேங்காய்ப்பட்டணம் முகத்துவாரத்தில் மணல் மேடு விழும், ஆழம் குறைந்த கீல்தான் தோது என்று முன்கூட்டியே எழுதியிருந்தோம். வெள்ளை 4 அடி 6 அங்குலம், நீலம் 6 அடி 3 அங்குலம் ஆழம் கேட்கும். அறிக்கையில் இதைப்பற்றி ஒரு சொல் இல்லை. நீலத்தின் விற்பனைத் தரகும் உங்களிடமே இருப்பதைப் பிறகுதான் அறிந்தோம். முதலிலேயே சொல்லியிருக்க வேண்டாமா?

கட்டணத்தையும் முன்பணத்தையும் 15 நாளுக்குள் திருப்பித் தாருங்கள். இல்லையேல், தரகில் சம்பந்தமில்லாத ஆய்வாளரைக் கொண்டு, இரண்டு படகையும் ஒரே அளவு நாள் கரையில் காயவைத்து, மேலே சொன்ன சோதனைகளை உங்கள் செலவில் இரண்டுக்கும் செய்து தாருங்கள். எதுவும் நடக்காவிட்டால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன்படி நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் சேவைக் குறைபாட்டு மனு கொடுப்போம். படகு சொந்த உபயோகத்துக்கே. வாங்குபவர் குடியிருக்கும் ஊரிலேயே மனு கொடுக்கச் சட்டத்தில் இடமுண்டு.

இணைப்பு: அறிக்கையின் 6ஆம் பக்கம், படங்கள் 11, 14, இரண்டு ரசீதுகள்.

இப்படிக்கு,
படகு வாங்கவிருந்த இருவர்