கர்சர் நிற்க வேண்டியது மெயிலில், வரியில் அல்ல

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: மெயில் பட்டியலில் கர்சர் இடம் பிசகுவதால் தவறான மெயில் அழிவது குறித்த புகார்

ஐயா / அம்மையீர்,

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். மூன்று ஆண்டுகளாகச் சந்தா கட்டி உங்கள் மெயில் மென்பொருளைப் பயன்படுத்தி வருகிறோம்.

சென்ற செவ்வாய்க்கிழமை இன்பாக்ஸின் மூன்றாம் வரியில் ஒரு விளம்பர மெயில் இருந்தது. கர்சரை அதன்மேல் கொண்டுபோய் டெலீட் விசையை அழுத்தினேன். விரல் இறங்குவதற்குள் மேலே ஒரு புது மெயில் வந்து விழுந்தது. பட்டியல் முழுவதும் ஒரு வரி கீழே நகர்ந்தது. கர்சர் மட்டும் நகரவில்லை. மூன்றாம் வரிக்கு அப்போதுதான் இறங்கி வந்திருந்த வேறொரு மெயில் அழிந்தது. விளம்பரம் அப்படியே இருப்பதைப் பார்த்து, சரியாக அழுத்தவில்லை போலும் என்று இன்னொரு முறை அழுத்தினேன். இம்முறை விளம்பரம் போயிற்று. எனக்குச் சந்தேகமே எழவில்லை.

முதலில் போனது ஜெர்மனி பையரின் மெயில். நாங்கள் அனுப்பிய மூன்று லேப் டிப் துண்டுகளில் (நிறம் பார்க்கச் சாயமேற்றிய மாதிரித் துணிகள்) இரண்டாவது நிறத்துக்கு ஒப்புதல் தந்திருந்தார். சாயப்பட்டறைக்காரர் இரண்டு நாளும் "நிறம் முடிவாகிவிட்டதா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார், பையரிடமிருந்து பதில் இல்லை என்று நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன். வியாழக்கிழமை பையரே தொலைபேசியில் அழைத்துக் கடிந்துகொண்ட பிறகுதான் குப்பைத் தொட்டியைத் திறந்து பார்த்தேன்.

உங்கள் உதவி மையத்தில் கேட்டால், தானாகப் புதுப்பிக்கும் வசதியை நிறுத்திவைக்கச் சொல்கிறார்கள். மெயில் வராமல் இருந்தால் கர்சர் பிசகாது என்பது உண்மைதான். கடையைப் பூட்டிவிட்டால் திருட்டும் இருக்காது, வியாபாரமும் இருக்காது.

எங்கள் கணக்கு, மெயில்களைச் சர்வரிலேயே வைத்துப் படிக்கும் ஐமேப் முறையில் இயங்குகிறது. அதில் ஒவ்வொரு மெயிலுக்கும் இரண்டு எண்கள் உண்டு. ஒன்று வரிசை எண். முன்னால் உள்ள மெயிலை நீக்கினால் அது மாறிவிடும். மற்றொன்று யுஐடி, பக்கத்தில் எது வந்தாலும் போனாலும் அது அந்த மெயிலைவிட்டு விலகாது. 2003இல் வெளியான ஐமேப் விதிமுறை ஆவணம் ஆர்எஃப்சி 3501 இதைத் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. கர்சரை அந்த யுஐடியோடு கட்டிவைக்காமல், திரையில் எத்தனையாவது வரி என்று எண்ணிக்கொண்டிருப்பது ஏன்? நான் தேர்ந்தெடுத்தது ஒரு மெயிலை. மூன்றாம் வரியை அல்ல.

அழித்த பிறகு கர்சர் எங்கே போகிறது என்பதும் தொல்லைதான். பழைய மெயிலிலிருந்து புதியதை நோக்கிப் படித்து வருபவளை, ஒவ்வொரு முறையும் படித்து முடித்த மெயிலுக்கே திருப்பி அனுப்புகிறது. ஜிமெயிலில் அடுத்து எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதை அமைப்பில் நாமே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். அவுட்லுக்கிலும் உண்டு. 1990களில் வந்த மட் என்னும் வெறும் எழுத்துத்திரை மென்பொருள்கூட அழித்ததும் தானாக அடுத்த மெயிலுக்குப் போய்விடும். மெயிலைத் திறந்து படித்துவிட்டுத் திரும்பினால் பட்டியல் உச்சிக்கு ஓடிவிடுவதையும் இதோடு சேர்த்துச் சரிசெய்யுங்கள்.

எந்தப் பதிப்பில், எந்தத் தேதிக்குள் இவை சரியாகும் என்று எழுத்தில் தெரிவியுங்கள். அடுத்த மாதம் சந்தாவைப் புதுப்பிக்க வேண்டும். பதில் வரும்வரை அந்தக் கோப்பில் கையெழுத்து வாங்க மாட்டேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
திருப்பூர்