பைத்தான் பாடத்தில் நடைச் சரிபார்ப்பையும் சேருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாணவர் பக்கத்தில் நீங்கள் வெளியிடும் பைத்தான் நிரல்மொழித் தொடரை என் மகளோடு சேர்ந்து நானும் படித்து வருகிறேன். நல்ல தொடர். ஆனால் நிரலின் நடையைத் தானாகவே சரிபார்க்கும் கருவிகளைப் பற்றி இதுவரை ஒரு வரிகூட வரவில்லை. மற்றவர்கள் எழுதும் பைத்தான் நிரல்களைப் படித்து ஒப்புதல் தருவது 11 ஆண்டுகளாக என் வேலை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த ஓர் இளைஞர் தன் முதல் நிரல் மாற்றத்தை என் பார்வைக்கு அனுப்பினார். 31 குறிப்புகள் எழுதித் திருப்பி அனுப்பினேன். காற்புள்ளிக்குப் பின் இடைவெளி இல்லை, இந்த வரி நீளம், இங்கே டேப், அங்கே ஸ்பேஸ் என்று ஏறக்குறைய எல்லாமே அந்த வகைதான். அவர் இரண்டு நாள் உட்கார்ந்து திருத்தினார், நானும் ஒப்புதல் கொடுத்தேன். அதே கோப்பில், எந்தப் பிழை வந்தாலும் கண்டுகொள்ளாமல் போகும் வெறும் ‘எக்ஸெப்ட்’ கட்டளை ஒன்று இருந்திருக்கிறது. பதிவுகளைச் சேமிக்கும் இடத்தில் வந்த பிழையை அது சத்தமில்லாமல் விழுங்கிக்கொண்டிருந்தது. பல பதிவுகள் சேமிக்கப்படவே இல்லை என்பது மூன்று வாரம் கழித்துத்தான் தெரிந்தது. இடைவெளிகளை எண்ணிக்கொண்டிருந்த என் கண்ணில் அது படவில்லை.

அந்த 31 குறிப்புகளையும் ஒரு கருவி நொடியில் சொல்லியிருக்கும். அந்த எக்ஸெப்ட்டையும்தான், ஃபிளேக்8 என்ற சரிபார்ப்புக் கருவி அதை இ722 என்ற குறியீட்டோடு காட்டிவிடும்.

பைத்தானின் நடை விதிகளான பெப் 8 வந்தது 2001-இல். உள்தள்ள நான்கு இடைவெளி, வரிக்கு 79 எழுத்து என்பதெல்லாம் அதில் உள்ளவை. எங்களுக்கும் விதி தெரியும். அப்போது காவலுக்குத்தான் ஆளில்லை. பைத்தானில் பிழையாக எழுதிய ஒரு பெயர்கூட அந்த வரி ஓடும்போதுதான் மாட்டும். ஓட்டுவதற்கு முன்பே படித்துப் பார்க்கும் ஒருவர் வேண்டும், அவர் களைப்படையாதவராக இருந்தால் நல்லது.

இப்போது எங்களிடம் இரண்டு கருவிகள் உண்டு. 2018-இல் வந்த பிளாக், நிரலைத் தானே ஒழுங்குபடுத்தி எழுதிவிடும். மாற்றத்துக்கு முன்னும் பின்னும் நிரலின் இலக்கண மரம், அதாவது அதன் உள்ளமைப்பு, ஒன்றாகவே இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளும். ரஃப், பிழைக்கு வழிவிடும் இடங்களைச் சுட்டிக்காட்டும். கமிட் செய்யும்போதே, அதாவது மாற்றத்தைப் பதிவுசெய்யும்போதே, இரண்டும் ஓடும், குறை இருந்தால் தடுத்துவிடும். ஆனால் அந்தத் தடையை ஒரே ஒரு கட்டளையில் தாண்டிவிடலாம். அதனால் எல்லோருக்கும் பொதுவான முதன்மைக் கிளையில் சேர்க்கும் முன் சர்வரிலும் மறுபடி ஓட விடுகிறோம். அங்கே சலுகை கிடையாது.

எங்கள் குழுவின் மூத்தவர் ஒருவர் முதலில் ஒப்புக்கொள்ளவில்லை. தான் நேர்த்தியாக நெடுவரிசையில் அடுக்கிய எண் அட்டவணைகளை பிளாக் கலைத்துவிடும் என்றார். அவர் சொன்னது சரி. அந்தப் பகுதியை மட்டும் தொடாதே என்று கருவியிடம் சொல்லிவைத்தோம். பழைய கோப்புகளை ஒரே நாளில் மாற்றினால் எந்த வரியை யார் எழுதினார் என்ற வரலாறு மறைந்துவிடுமே என்றும் கவலைப்பட்டார். அப்படிப்பட்ட கமிட்டைக் கணக்கில் எடுக்காமல் வரலாறு காட்டும் வசதி, நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் மென்பொருளின் 2019-இல் வந்த 2.23 பதிப்பிலிருந்தே இருக்கிறது. அப்புறம், விதியை விலக்கும் ஒவ்வொரு இடத்திலும் காரணத்தை எழுத வேண்டும் என்ற ஏற்பாடு அவர் கொண்டுவந்ததுதான்.

ஒரு பெயர் சிற்றெழுத்தில் இருக்கிறதா என்று கருவி பார்க்கும். அந்தப் பெயருக்கும் அது சுமக்கும் மதிப்புக்கும் சம்பந்தம் உண்டா என்று அதற்குத் தெரியாது. கணக்கே தப்பாக இருந்தாலும் தெரியாது. இப்போது என் குறிப்புகள் ஒரு மாற்றத்துக்கு நான்கைந்துதான். எல்லாம் இந்த மாதிரி விஷயங்கள்.

ஒரு வேண்டுகோள். போன பாடத்தில் ‘ஃபார்’ சுழற்சியின் உள்வரி இடது ஓரத்திலேயே அச்சாகியிருந்தது. அதை அப்படியே தட்டச்சு செய்த என் மகளுக்கு இன்டென்டேஷன் எரர் (உள்தள்ளல் பிழை) வந்தது. தன் தவறு என்று நினைத்து அரை மணி நேரம் தேடினாள். பக்க வடிவமைப்பு முடிந்ததும், அச்சுக்குப் போகும் முன், அந்த வரிகளை நகலெடுத்து ஒருமுறை ரஃப்பில் ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தொடரின் வாசகி ஒருவர்