பேரனின் இழுப்பும் என் திருட்டும்

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை கிடைத்தது. உன் வீட்டுக்காரருக்குக் கண்புரை அறுவை நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. கட்டை அவிழ்த்ததும் சுவரில் இருந்த ஒட்டடையைக் காட்டி உன்னைத் திட்டினாராமே! பார்வை வராமலே இருந்திருக்கலாம் என்று உனக்குத் தோன்றியிருக்கும்.

பேரனின் ஆஸ்துமா இழுப்பைப் பற்றிக் கேட்டிருந்தாய். உன்னிடம் மறைப்பானேன்? நான் ஒரு திருட்டுத்தனம் செய்து அகப்பட்டுக்கொண்டேன். மகளும் மருமகனும் விடிந்ததும் வேலைக்குக் கிளம்பிவிடுவதால், இழுப்பு வராமல் தடுக்கத் தினமும் இழுக்கும் இன்ஹேலரை அவனுக்குக் கொடுப்பது என் பொறுப்பு. அதில் ஸ்டீராய்டு இருக்கிறது என்று கேள்விப்பட்டதிலிருந்து எனக்கு வயிற்றைக் கலக்கியது. பிள்ளை வளராமல் போய்விடுவானோ என்று பயந்து, அவன் நன்றாக ஓடியாடும் நாட்களில் கொடுக்காமலே விட்டேன். மகளிடம் மூச்சு விடவில்லை. போன மாதம் ஒருநாள் நள்ளிரவில் மூச்சுக்கு மூச்சு அவன் கழுத்துக்குழி உள்ளே போனது. மூச்சு முட்டும்போது கொடுக்கும் நீல இன்ஹேலருக்கும் அடங்கவில்லை. ஆம்புலன்ஸுக்கு 995ஐ அழைத்தோம்.

அதற்குப் பிறகு பலதுறை மருந்தகத்தில் பார்த்த டாக்டர் சின்ன வயதுப் பெண். இதற்கு முன் ஒருவர் தலையைக்கூட நிமிர்த்தாமல் மருந்து எழுதிக் கொடுத்தவர். இவரோ எங்களை விட்டுவிட்டு முதலில் பேரனைக் கேட்டார்: "உனக்கு இதில் எது பிடிக்கவில்லை?" எட்டு வயதுப் பையன் சட்டென்று சொன்னான், "அந்த முகமூடி. குழந்தைக்குப் போடுகிற மாதிரி இருக்கிறது." இன்ஹேலரில் மாட்டி மருந்தை இழுக்கும் பிளாஸ்டிக் குழலான ஸ்பேசர், மூன்று வயதில் முகமூடியோடு வாங்கியது, அதையே இன்றுவரை அவன் முகத்தில் அழுத்திக்கொண்டிருந்தோம், மல்லிகா! அவன் வயதுக்கு வாயில் கவ்வும் ஸ்பேசரே சரி என்றார்.

அடுத்து என் பக்கம் திரும்பி, "பாட்டி, உங்களுக்கு எதில் பயம்?" என்றார். மகள் பக்கத்தில் இருக்கிறாள் என்பதையும் மறந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் திட்டவில்லை. மறைக்கவும் இல்லை. உயரத்தில் கொஞ்சம் குறையலாம் என்றே சொன்னார். அமெரிக்காவில் சில ஆண்டுகள் தினமும் இந்த வகை மருந்து எடுத்த பிள்ளைகளைப் பெரியவர்களான பிறகு அளந்து பார்த்தார்களாம், சராசரியாக 1.2 சென்டிமீட்டர் குறைவு. விரல் நகத்தின் அகலம். அதற்காகவா நான் அவனை ஆம்புலன்ஸில் ஏற்றினேன்?

நீல இன்ஹேலர் மட்டும் போதாதா என்று மகள் கேட்டபோது டாக்டர் ஒப்புக்கொள்ளவில்லை. அது இறுகிய குழாயைத் திறந்துவிடுமே தவிர, உள்ளே இருக்கும் வீக்கத்தைத் தொடாதாம். மற்றதையெல்லாம் எங்கள் முன் வைத்துப் பேசினார். தினமும் குறைந்த அளவு ஸ்டீராய்டு இன்ஹேலர் ஒரு வழி, மெல்லும் மாத்திரை இன்னொரு வழி. மிட்டாய் போல இருக்கும் என்றதும் பேரன் மாத்திரைக்குக் கை தூக்கினான். ஆனால் மாண்டிலுகாஸ்ட் என்னும் அந்த மாத்திரையால் சில பிள்ளைகளுக்குக் கெட்ட கனவும் மனநிலை மாற்றமும் வரலாம், 2020இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு கடுமையான எச்சரிக்கையே விடுத்தது என்றார். இவனோ ஏற்கெனவே தூக்கத்தில் எழுந்து அழுபவன். மகள் வேண்டாம் என்றாள். முகமூடி இல்லாவிட்டால் இன்ஹேலரே சரி என்று அவனும் இறங்கிவந்தான். மூன்று மாதம் பார்த்துவிட்டு, இழுப்பு அடங்கியிருந்தால் அளவைக் குறைப்பதைப் பற்றிப் பேசலாம் என்று முடிவாயிற்று. டாக்டர்தானே படித்தவர், எங்களை எதற்குக் கேட்கிறார் என்று உள்ளே போகும்போது நினைத்தவள் நான்.

தாதி தனியாக எனக்கு ஒரு பாடம் நடத்தினார். ஸ்பேசரைத் தினமும் துணியால் பளபளவெனத் துடைத்து வைத்தேன் இல்லையா? துடைத்தால் பிளாஸ்டிக்கில் மின்னேற்றம் உண்டாகி, மருந்து சுவரிலேயே ஒட்டிக்கொள்ளுமாம். சோப்புத் தண்ணீரில் அலசி, துடைக்காமல் காற்றில் உலரவிட வேண்டும். இப்போது சமையலறை ஜன்னலோரம் என் எவர்சில்வர் டம்ளர்களோடு அதுவும் கவிழ்ந்து கிடக்கிறது.

பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிறத்தில் எப்போது என்ன செய்வது என்று எழுதிய தாளைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருக்கிறோம். பேரன் காலையில் பல் துலக்குமுன் தானே ஐந்து மூச்சை எண்ணி இழுத்துவிட்டு, பச்சைக் கட்டத்தைத் தட்டிவிட்டுப் போகிறான். மகள் என்னோடு நான்கு நாள் சரியாகப் பேசவில்லை. ஐந்தாம் நாள் மீன் குழம்பு வைத்துச் சரிக்கட்டினேன்.

பினாங்கிலிருந்து யாராவது வந்தால் ஜாதிக்காய் ஊறுகாய் கொடுத்தனுப்பு.

உன்,
செம்பவாங் தோழி