எங்கள் கட்டடத்துக்கே ஊசியைக் கொண்டு வாருங்கள்

ஒன்ராறியோவில் தடுப்பூசித் திட்டத்தை நடத்துகிறவர்களுக்கு,
ஸ்காபரோ, ரொறன்ரோ, கனடா, ஏப்ரல் 2021

வணக்கம். எங்கள் பகுதியின் நிலைமையை உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. ரொறன்ரோ நகரமே போன வருடம் கணக்கெடுத்துச் சொன்னது: சனத்தொகையில் 52 சதவீதமான வெள்ளையர் அல்லாதவர்கள், கொரோனாத் தொற்று வந்தவர்களில் 83 சதவீதம். கடும் தொற்றுப் பகுதிகள் என்று நீங்கள் குறித்த 114 தபால் குறியீடுகளில் எங்களுடையதும் இருக்கிறது.

எங்கள் மாடியில் ஜமேக்காவிலிருந்து வந்த அக்கா ஒருவர் இருக்கிறார். வயது 56. களஞ்சியத்தில் இரவு வேலை. அவருக்கு ஊசி என்றாலே பயம். அமெரிக்காவின் அலபாமாவில் 1932 முதல் 1972 வரை, சிபிலிஸ் வந்த கறுப்பின ஆண்களுக்கு உண்மையைச் சொல்லாமல், பெனிசிலின் வந்த பிறகும் கொடுக்காமல், அரசு வைத்தியர்கள் பார்த்துக்கொண்டிருந்தது அவருக்குத் தெரியும். அதை வதந்தி என்று யாரும் தள்ள முடியாது. உடுப்புத் தோய்க்கும் அறையில் மூன்று வாரம் கதைத்தோம். மொடேர்னா என்ற கொரோனாத் தடுப்பூசியை உருவாக்கியவர்களில் கிஸ்மேக்கியா கோர்பெட் என்ற கறுப்பினப் பெண் விஞ்ஞானியும் ஒருவர் என்று சொன்னபோதுதான் நிமிர்ந்து பார்த்தார். அப்புறம், "சரி, நீயும் கூட வா" என்றார்.

போன செவ்வாய் காலை வேலை முடிந்து, இரும்பு முனை வைத்த சப்பாத்தோடு நேரே வந்தார். ஆறரைக்கு வரிசையில் நின்றோம். ஒன்பது மணிக்குக் கால் வீங்கி, சப்பாத்தின் கயிற்றைத் தளர்த்திவிட்டார். உட்கார ஒரு கதிரை இல்லை. பதினொரு மணிக்கு ஒருவர் வந்து, இன்றைய ஊசி முடிந்துவிட்டது, இணையத்தில் பதியுங்கள் என்றார். திரும்பி வரும்போது பஸ்ஸில் அக்கா சொன்னது ஒன்றுதான்: "நான் சொன்னேன்தானே."

மூன்று வாரம் கதைத்து வந்த நம்பிக்கை நாலரை மணித்தியாலத்தில் போய்விட்டது. இனி எங்கள் சனத்துக்குத் தயக்கம் என்று தயவுசெய்து தொலைக்காட்சியில் சொல்லாதீர்கள்.

ஊசியைக் கட்டடத்துக்குக் கொண்டு வாருங்கள். மாலையில் வாருங்கள், இரவு வேலைக்காரர் எழும்பியிருக்கும் நேரம். கேள்விக்குப் பதில் சொல்ல ஒரு கறுப்பினத் தாதியும், தமிழ் தெரிந்த ஒருவரும் கூட வரட்டும். என் அம்மாவுக்கு அந்த இணையப் பதிவில் ஒரு வரியும் விளங்கவில்லை.

ஊசி போட்ட மறுநாள் காய்ச்சல் வந்தால் அக்காவுக்குச் சம்பளம் இல்லை. 2018இல் வந்த இரண்டு நாள் சம்பள விடுப்பையும் இந்த மாகாணம் அடுத்த வருடமே எடுத்துவிட்டது. பெருந்தொற்று தொடங்கி ஒரு வருடமாகிவிட்டது, இன்னும் திருப்பித் தரவில்லை. யாருடைய உழைப்பில் உங்கள் வீட்டு வாசலுக்குப் பெட்டிகள் வருகின்றன என்று கேட்க வாய் வருகிறது. கோபத்தில் எழுதிவிட்டேன், மன்னியுங்கள். கேட்பது இதுதான்: ஊசியைக் கட்டடத்துக்குக் கொண்டு வாருங்கள்.

கீழ்த்தளத்தில் மண்டபம் காலியாக இருக்கிறது. திறப்பு கட்டடத்தைப் பராமரிக்கும் சூப்பரிடம் இருக்கிறது, கதைத்துவிட்டேன். கதிரைகளை நாங்கள் போடுகிறோம். வரும் செவ்வாய் அக்காவுக்கு ஓய்வு நாள்.

நன்றியுடன்,
ஒரு ஸ்காபரோவாசி