முள்ளு எந்தப் பக்கம் சரியுது?

யாழ்ப்பாணம்

அன்பின் சிவம்,

உன்ரை கடிதம் கிடைச்சுது. மகளின்ரை கலியாணம் சரிவந்ததில எங்கள் எல்லாருக்கும் சந்தோசம். திகதி குறிச்ச உடனை எழுது.

மொறிஸ் மைனரின்ரை விசயத்துக்கு வாறன். பெற்றோல் ராங்க் நிரம்பிக் கிடக்க பெற்றோல் மீற்றரின்ரை முள்ளு 'ஈ'யை (வெறுமை) விட்டு அசையுதில்லை, கராஜில ராங்கை இறக்கச் சொல்லுகினம் எண்டு எழுதியிருக்கிறாய். இப்ப இறக்க விடாதை. முதல்ல உன்ரை மீற்றர் எந்தச் சாதி எண்டு பார்க்கவேணும். சாவி போட்ட உடனை முள்ளு துள்ளினா அது பழைய இரண்டு கொயில் மீற்றர். மெல்ல மெல்ல ஏறினா பிந்தி வந்த, சூட்டில வளையிற தகட்டு மீற்றர். முள்ளு செத்துக் கிடந்தா பின்பக்கம் போற வயர்களைப் பார். பற்றறியின்ரை 12 வோல்ற்றைக் குறைச்சு ஒரே அளவில குடுக்கிற 10 வோல்ற் ஸ்ரபிலைசர் பெட்டி ஒண்டு இடையில இருந்தா அது தகட்டு மீற்றர். காரின்ரை வருசத்தை நம்பாதை. எங்கடை ஊரில எந்தக் காரில எந்தக் காரின்ரை சாமான் கிடக்கும் எண்டு ஆருக்குத் தெரியும்?

இதை ஏன் முதல்ல கேக்கிறன் எண்டா, இரண்டும் நேரெதிர். கொயில் மீற்றரில ராங்குக்குப் போற வயர் அறுந்தா முள்ளு 'எஃப்'புக்குப் (நிரம்பினது) போகும், காரின்ரை பொடியில, அதாவது இரும்பு உடம்பில, முட்டினா 'ஈ'க்கு விழும். தகட்டு மீற்றரில அறுந்தா 'ஈ', முட்டினா 'எஃப்'. கடல்காத்து ஊரில ராங்கின்ரை ஏர்த், அதாவது பொடியோடை இருக்கிற கரண்ட் தொடுப்பு, துருப்பிடிக்கிறது வழக்கம். அதுதான் குறையெண்டா தகட்டு மீற்றர் 'ஈ' காட்டும், கொயில் மீற்றர் நிரம்பின மாதிரிக் காட்டும்.

பரிசோதனை சுகம். டிக்கிப் பலகையைத் தூக்கினா ராங்கின்ரை மேல் முகம். அதில இருக்கிற புளோட் யூனிற்றுக்கு (மிதவையால பெற்றோல் மட்டத்தை அளக்கிற சாமான்) ஒரு வயர் வரும், பச்சையில கறுப்புக் கோடு. சாவியை நிப்பாட்டிப்போட்டு அதைக் கழட்டி ஒண்டிலும் முட்டாமல் விடு. சாவியைப் போட்டு முள்ளைப் பார். திரும்ப நிப்பாட்டி, ஒரு நீள வயரால அதை ராங்குக்குத் தூரத்தில பொடியோடை தொடுத்து, பிறகு சாவியைப் போடு. சாவி போட்டபடி ராங்கடியில உரசாதை, பெற்றோல் ஆவிக்கு ஒரு பொறி காணும். தகட்டு மீற்றரெண்டா முள்ளு பாதி தாண்டின உடனை நிப்பாட்டு, இல்லாட்டி உள்ளை இருக்கிற சூட்டுக் கம்பி எரியும்.

இரண்டு சோதனையிலும் முள்ளு சொன்ன பக்கம் போனா மீற்றரும் வயரும் நல்லது, குறை யூனிற்றில அல்லது அதின்ரை ஏர்த்தில. யூனிற்றின்ரை உடம்பிலயிருந்து பொடிக்கு ஒரு வயர் போட்டுப் பார். கனபேருக்கு அதோடை வேலை முடியும்.

முள்ளு அசையவே இல்லையெண்டா பிரேக் லைற்றையும் வைப்பரையும் போட்டுப் பார். அதுகளும் வேலை செய்யாட்டி 35 அம்பியர் பியூஸ் போயிருக்கும், அல்லது அதின்ரை பிடி பச்சை பிடிச்சிருக்கும். கொயில் மீற்றருக்கு இன்னொரு குணம்: மீற்றரின்ரை உடம்புக்கே ஏர்த் வேணும். டாஷுக்கு பெயின்ற் அடிச்சுப் பூட்டின கார்களில இதைத்தான் முதல்ல சந்தேகிக்கவேணும்.

யூனிற்றைக் கழட்டவேண்டி வந்தா ராங்கில பெற்றோலைப் பாதிக்குக் கீழை குறைச்சுப்போட்டுக் கழட்டு. மிதவையைக் காதடியில குலுக்கு. உள்ளை பெற்றோல் சத்தம் கேட்டா ஓட்டை, அது எப்பவும் கீழைதான் கிடக்கும். ஓம் மீற்றரால யூனிற்றை அளக்கேக்கை மிதவையின்ரை கையை மெல்ல ஏத்து. கொயில் மீற்றரின்ரை யூனிற் வெறுமைக்கு 0 கிட்ட, நிரம்பினதுக்கு 70க்கு மேல காட்டும். தகட்டு மீற்றரினது வெறுமைக்கு 250 அளவில, நிரம்பினதுக்கு 20, 30. இடையில எண் அறுந்து அறுந்து வந்தா யூனிற்றுக்குள்ளை இருக்கிற கம்பிச் சுருள் தேய்ஞ்சிட்டுது. அரைவாசி ராங்கிலை ஓடுற கார்களில நடுப்பகுதிதான் முதல்ல போறது. 1990களில மண்ணெண்ணெயில ஓடின காரெண்டா பிசின் பிடிச்சிருக்கவும் கூடும். மெல்லிய துணியால துடை, மட்டத்தாள் போட்டு உரஞ்சாதை. அந்தக் கம்பி மயிர் மாதிரி.

புது யூனிற் வாங்கினாலும் பூட்ட முதல் அளந்து பார். மற்றச் சாதி மீற்றரின்ரை யூனிற்றை மாறிப் பூட்டினா பெற்றோல் அடிக்க அடிக்க முள்ளு கீழை இறங்கும்! கோர்க் வாஷர் புதுசாப் போடு. சாதாரண சிலிக்கன் பசை போட்டா, பெற்றோலில ஊதிக் கழண்டுபோகும்.

தகட்டு மீற்றரெண்டாத்தான் ஸ்ரபிலைசர் கதை. அதின்ரை ஏர்த் கழண்டா 12 வோல்ற் முழுக்கப் போய் முள்ளு கூடக் காட்டும். அதுக்குப் பதிலா 7810 ஐசி (10 வோல்ற் குடுக்கிற சின்ன எலக்ரோனிக் சாமான்) போடலாம் எண்டு பொடியள் சொல்லுவினம், சரிதான். ஆனா உன்ரை காரில பற்றறியின்ரை பொசிற்றிவ் பொடிக்குப் போகுதெண்டா அது சரிவராது.

எல்லாம் பூட்டினாப்பிறகு ராங்க் வெறுமையா இருக்கேக்கை 5 லீற்றர் 5 லீற்றரா ஊத்தி, முள்ளு நிக்கிற இடத்தைக் குறி. 6½ கலன் ராங்கெண்டா 29 லீற்றர் சொச்சம் கொள்ளும், பழைய 5 கலனெண்டா 23 கிட்ட. பூநகரிக்குப் போற சங்குப்பிட்டிப் பாலம் தாண்டி ஓட முதல் 'ஈ'க்குக் கீழை எத்தினை லீற்றர் கிடக்குதெண்டும் தெரிஞ்சுவை.

வயரைக் கழட்டேக்கை முள்ளு எந்தப் பக்கம் போனதெண்டும், யூனிற் எத்தினை ஓம் காட்டினதெண்டும் எழுது. சாமான் வேணுமெண்டா இங்கை தேடிப் பாக்கிறன்.

அன்புடன்,
குமார்